பதினெட்டு மாதத் தவணை

பட்டமளிப்பு விழாவைப் பற்றி எழுதுவார் பலர். கறுப்பு அங்கியும் பெற்றோரின் பூரிப்பும் எழுத்துக்கு இனிய பொருள்கள். ஆயின், அவ்விழாவுக்கு மறுநாளைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே. பிறந்த நாட்டிலே பட்டம் பெற்றவருக்கு அந்த மறுநாள் வழமையான ஒரு நாள். பிறநாட்டிலே பட்டம் பெற்றவருக்கோ அது ஒரு கணக்கு ஆரம்பமாகும் நாள். படிப்பதற்கென்று அளிக்கப்பட்ட அனுமதி, படிப்பு முடிந்ததும் தன் காரணத்தை இழந்துவிடுகிறது. இனி அந்நாட்டில் அவர் இருப்பது எந்த உரிமையின் பேரில்?

இக்கேள்விக்கு விடையாகச் சில நாடுகள் ஒரு தவணையை வகுத்திருக்கின்றன. தொழிலைத் தேடிக்கொள், அதுவரை இரு, குறித்த நாளுக்குள் கிடைத்தால் தொடர்ந்து இரு, கிடையாவிட்டால் புறப்படு என்பதே அத்தவணையின் சாரம். தொழில் தேடும் விசா என்று நம் மாணவர் பேச்சில் வழங்குவது இதனையே. ஒரு நாடு தன் பல்கலைக்கழகங்களிலே பயின்ற அந்நியரை எந்தக் கண்கொண்டு நோக்குகின்றது என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டின் மேடைப் பேச்சுக்களைக் காட்டிலும் இத்தவணையின் விதிகளைப் படிப்பது நன்று.

ஜேர்மனியையும் பிரித்தானியாவையும் எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியில் இத்தவணை 12 மாதமாகத் தொடங்கி 18 மாதமாக உயர்ந்தது. பிரித்தானியாவில் 24 மாதமாக இருந்தது 18 மாதமாகக் குறைக்கப்பட்டது. ஒன்று ஏறி வந்தும் மற்றது இறங்கி வந்தும் இரண்டும் ஒரே எண்ணிலே சந்திக்கின்றன. எண் ஒன்றானமையால் பொருளும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. தவணையின் அளவு அன்று, தவணை முடிகின்ற இடத்திலே நிற்கும் கதவு எத்தகையது என்பதே மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது. இதனை விளங்கிக்கொள்ள இரு நாடுகளின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஜேர்மனி ஏறி வந்த படிகள்

ஜேர்மனி ஒரு காலத்திலே இத்தகைய தவணை எதனையும் அளித்ததில்லை. 1973 ஆம் ஆண்டு வெளிநாட்டுத் தொழிலாளரைத் திரட்டுவதை நிறுத்திய பின்னர், தான் குடியேற்ற நாடு அன்று என்பதே அந்நாட்டு அரசாங்கங்களின் நீண்டநாட் கொள்கையாக இருந்தது. அந்நிய மாணவரைப் பொறுத்தவரை அதற்கு ஓர் அறநெறி விளக்கமும் தரப்பட்டது. வளர்ந்துவரும் நாடுகளின் பிள்ளைகள் இங்கு வந்து கற்க வேண்டும். கற்றபின் திரும்பிச் சென்று தம் நாட்டை உயர்த்த வேண்டும். அவர்களை இங்கேயே நிறுத்திக்கொள்வது ஏழை நாட்டின் அறிவைக் கவர்வதாகும் என்றார்கள். அவ்விளக்கத்திலே நியாயமும் இருந்தது, வசதியும் இருந்தது.

அக்காலத்திலே ஜேர்மனிக்குச் சென்ற ஈழத்தமிழரிற் பெரும்பாலோர் மாணவரல்லர். 1983 ஆம் ஆண்டின் பின்னர் கிழக்குப் பேர்லின் வழியாகப் போய்ச் சேர்ந்த அகதிகள் அவர்கள். தொழில் செய்யத் தடையும், குறித்த மாவட்டத்தை விட்டு வெளியேறத் தடையும் அவர்கள் மீது இருந்தன. கற்றவரைத் திரும்பிப் போகச் சொன்ன நாடு, அடைக்கலம் தேடியவரைக் கை கட்டி இருக்கச் சொன்னது. இரண்டுக்கும் அடியிலே கிடந்த எண்ணம் ஒன்றுதான்: இவர்கள் நிலையாக இங்கு இருக்கப் போகிறவர்களல்லர்.

அந்த எண்ணத்தைக் கரைத்தது இரக்கம் என்று சொல்வதற்கில்லை. கணக்கே அதனைக் கரைத்தது. 1972 ஆம் ஆண்டு தொடங்கி ஜேர்மனியிலே ஆண்டுதோறும் பிறப்பவர் தொகையிலும் இறப்பவர் தொகையே கூடுதலாக இருந்து வருகின்றது. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில், கணினித்துறை நிபுணர்களுக்கென ஒரு விசேட அனுமதித் திட்டத்தை அரசாங்கம் தொடங்கிற்று. அத்துறையில் ஜேர்மன் பல்கலைக்கழகங்களிலே பட்டம் பெற்ற அந்நியருக்கும் அதில் இடம் கிடைத்தது. மறு ஆண்டு, ரீட்டா சூஸ்முத் அம்மையார் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, ஜேர்மனிக்குக் குடியேற்றம் தேவை என்று வெளிப்படையாகவே அறிக்கையிட்டது. அதன் விளைவாக எழுந்த சட்டம் 2005 ஜனவரி 1 ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பட்டம் பெற்ற அந்நிய மாணவர் தொழில் தேடுவதற்காக ஓராண்டு தங்கலாம் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடுகளுள் ஒன்று. 2012 ஆகஸ்டில் அவ்வோராண்டு 18 மாதமாயிற்று. அக்காலத்தில் எத்தொழிலையும் தடையின்றிச் செய்து பிழைக்கலாம் என்ற உரிமையும் உடன் சேர்ந்தது.

இனி, அத்தவணையின் முடிவிலே நிற்பது யாது என்று பார்ப்போம். கற்ற கல்விக்கு ஏற்ற தகைமைத் தொழிலொன்று கிடைத்ததும் தேடும் அனுமதி தொழில் அனுமதியாக மாறுகின்றது. 45 வயதுக்கு உட்பட்டோருக்குச் சாதாரண தகைமையாளர் அனுமதியிலே சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றில்லை. உள்ளூர்த் தொழிலாளருக்கு நிகரான ஊதியமும் நிபந்தனைகளும் இருந்தாற் போதும். ஜேர்மன் பல்கலைக்கழகப் பட்டத்தையுடையவர் அவ்வாறு ஈராண்டு தொழில் புரிந்து, 24 மாத ஓய்வூதியப் பங்களிப்பைச் செலுத்தி, ஜேர்மன் மொழியிலே இடைநிலைத் தேர்ச்சியையும் காட்டுவாரானால், நிரந்தர வதிவிட உரிமையைப் பெறலாம். படி குறுகலானது, ஆனால் ஏறிச் செல்லும் இடம் கண்ணுக்குத் தெரிகின்றது.

பிரித்தானியா ஏறி இறங்கிய கதை

பிரித்தானியாவின் வரலாறு வேறு. அங்கும் ஏற்றமே முதலில் இருந்தது. மக்கட்டொகை குறைந்துவிடும் என்று அஞ்சிய ஸ்கொட்லாந்து, தன் பல்கலைக்கழகங்களிலே பட்டம் பெற்ற அந்நியருக்கு ஈராண்டு தங்கும் வாய்ப்பை 2005 இல் ஏற்படுத்திற்று. 2007 இல் நாடு முழுவதற்குமாக ஓராண்டுத் திட்டம் ஒன்று வந்தது. 2008 இல் இவையெல்லாம் ஒன்றாக்கப்பட்டு, யாவருக்கும் ஈராண்டு என்றாயிற்று.

நான்காண்டு கழியுமுன் காற்றுத் திசை மாறிற்று. குடிவரவைக் குறைப்பதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்த அரசாங்கம் 2012 ஏப்ரலில் அத்திட்டத்தை மூடிற்று. அதன் பின் ஓராண்டோ அதற்கு மேலோ பயின்றவருக்கு எஞ்சியது, படிப்பு முடிந்த பிறகு விசாவில் மிஞ்சும் நான்கு மாதம் மட்டுமே. இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிலே பயின்ற இந்திய மாணவர் தொகை, 2010-11 கல்வியாண்டிலிருந்து 2015-16 கல்வியாண்டுக்குள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

2019 செப்டெம்பரில் அரசாங்கம் மனம் மாறி, ஈராண்டுத் தவணை மீண்டும் வரும் என்று அறிவித்தது. 2021 ஜூலை 1 ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இளமாணி, முதுமாணிப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு. கலாநிதிப் பட்டம் பெற்றோருக்கு மூன்றாண்டு. எத்தொழிலையும் செய்யலாம், தொழில் இன்றியும் இருக்கலாம். ஆனால் 2024 மே மாதத்திலேயே இத்தவணை மீண்டும் விசாரணைக்கு உள்ளாயிற்று. குடிவரவு பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் குழு ஆராய்ந்து, பரவலான மோசடிக்குச் சான்றில்லை, திட்டம் தொடர்ந்து இருக்கட்டும் என்று விதந்துரைத்தது. உள்நாட்டு மாணவருக்குக் கற்பிப்பதிலும் ஆராய்ச்சியிலும் பல்கலைக்கழகங்களுக்கு நேரும் பற்றாக்குறையை ஈடுசெய்வது அந்நிய மாணவர் செலுத்தும் கட்டணமே என்பதையும் அக்குழு எடுத்துக்காட்டிற்று. இருந்தும் 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கை தவணையைக் குறைக்க வேண்டும் என்றது. அதன்படி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளமாணி, முதுமாணிப் பட்டதாரிகளுக்கு 18 மாதம் என்று விதி மாற்றப்பட்டது.

இங்கே தவணையின் முடிவில் நிற்கும் கதவு உயரமானது. தொடர்ந்து தங்க வேண்டுமாயின், அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் பெற்ற ஒரு நிறுவனம் அநுசரணை தர வேண்டும். அத்துடன் சம்பளமும் குறித்த எல்லையை எட்ட வேண்டும். அவ்வெல்லை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணுக்கும், 2025 ஜூலையில் 41,700 பவுணுக்கும் உயர்த்தப்பட்டது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பட்டதாரிக்கு ஒரு சலுகை உண்டு. 2025 ஜூலை மாற்றத்திலே அச்சலுகை எல்லை 33,400 பவுணாக வைக்கப்பட்டது. ஆனால் அச்சலுகையை அனுபவிக்கக்கூடிய காலம் மொத்தம் நான்காண்டு. தொழில் தேடிய காலமும் அந்நான்காண்டிலே கழிக்கப்படும். நிரந்தர வதிவிட உரிமைக்கு ஆண்டுகளை எண்ணும்போதோ, தொழில் தேடிய காலம் கணக்கிலே சேராது. சலுகையைக் குறைப்பதற்கு எண்ணப்படும் அதே மாதங்கள் உரிமையைக் கூட்டுவதற்கு எண்ணப்படுவதில்லை! ஒரே கணக்கேட்டின் செலவுப் பக்கத்திலே பதியப்பட்டு, வரவுப் பக்கத்திலே விடுபட்டுப்போகும் காலம் இது.

தவணையினுள்ளே

சட்டப் புத்தகத்திலே 18 மாதம் என்று எழுதியிருப்பது, வாழ்க்கையிலே 18 மாதமாக இருப்பதில்லை. இறுதிப் பெறுபேறும் சான்றிதழும் கைக்கு வருவதற்குச் சில வாரங்கள் செல்லும். ஜேர்மனியின் பெரிய நகரங்களிலே, வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறை கிடைப்பதற்கே வாரங்கள், சிலவேளை மாதங்கள் கழிவதுண்டு; அதுவரை ஒரு தற்காலிகப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது யாதென்று தொழில்தருநர் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கும். மாணவர் என்ற நிலை முடிந்ததும், மாணவர்க்குரிய குறைந்த சுகாதாரக் காப்புறுதிக் கட்டணமும் முடிந்துவிடும். பிரித்தானியாவிலோ சுகாதார சேவைக்கென 2024 பெப்ரவரி முதல் ஆண்டொன்றுக்கு 1,035 பவுண் வீதம், விசா விண்ணப்பத்துடன் முற்பணமாகவே கட்ட வேண்டியதாயிற்று. தவணையின் கடைசி மாதங்களும் பெயரளவிலேதான் எஞ்சியிருக்கும். மூன்று மாதத்தில் முடியப்போகும் அனுமதியைக் காட்டி வேலை கேட்பவரை, எத்துணைத் திறமையிருப்பினும், தயக்கத்துடனேயே நோக்குவது தொழில்தருநர் இயல்பு.

இவ்வாறு இரு முனைகளும் தேய்ந்தபின் எஞ்சும் நடுப்பகுதியையும் வயிறு பங்கு கேட்கின்றது. வீட்டு வாடகை கட்ட வேண்டும். ஊரிலே வாங்கிய கடனுக்கு வட்டி அனுப்ப வேண்டும். ஆகவே பொறியியற் பட்டதாரி உணவுச்சாலையிலே பாத்திரம் கழுவுகிறார். கணக்கியல் முதுமாணி பண்டகசாலையிலே இரவுநேரத்திற் பெட்டி அடுக்குகிறார். உழைப்பிலே இழிவில்லை. ஆயினும், தகுந்த தொழிலைத் தேடுவதற்காகத் தரப்பட்ட காலத்தை, அத்தேடலுக்காக உயிர் வாழ்வதற்கே செலவிட நேர்வதுதான் இத்தவணையின் உள்முரண். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு 18 மாதமும் 18 மாதம்தான். கடன்பட்டுச் சென்ற பிள்ளைக்கு அது ஆறோ ஏழோ மாதம். சட்டம் இருவருக்கும் ஒரே அளவுகோலைத் தருகின்றது. வாழ்க்கை அதனை இரு விதமாக வெட்டுகின்றது.

பிரித்தானியாவில் ஆறு மாதக் குறைப்பு என்பது உண்மையில் எவ்வளவு குறைப்பு என்பதையும் இவ்வாறே கணித்துப் பார்க்கலாம். அங்குள்ள பெரிய நிறுவனங்கள், பட்டதாரிப் பயிற்சி இடங்களுக்கு ஓர் ஆண்டின் இலையுதிர்காலத்திலே விண்ணப்பம் கோரி, மறு ஆண்டு செப்டெம்பரை ஒட்டியே வேலையைத் தொடக்குவது வழமை. ஒருவருடைய தவணை நவம்பரிலே தொடங்குகின்றது என்று கொள்வோம். 24 மாதமாயின், அதனுள் இரண்டு செப்டெம்பர்கள் அடங்கும். முதன்முறை தோற்றவர் மறுமுறை முயலலாம். 18 மாதமாயின், இரண்டாவது செப்டெம்பர் வருமுன்னரே மே மாதத்திலே தவணை முடிந்துவிடும். காலத்தின் காற்பங்கு குறைந்தது என்று அறிக்கை கூறும். அந்த மாணவருக்கோ வாய்ப்பிற் பாதி போயிற்று.

ஜேர்மனியிலே கடிகாரத்தைக் காட்டிலும் மொழியே பெரிய வாயிற்காவலன். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே ஆங்கில மூலம் நடைபெறும் முதுமாணிப் படிப்புக்கள் பல. ஈராண்டு ஆங்கிலத்திலே கற்று, ஆங்கிலத்திலே தேர்வெழுதி, அறைத் தோழருடன் தாய்மொழியிலே பேசிப் பட்டம் பெற்றுவிட இயலும். கணினித்துறை போன்ற சிலவற்றை விட்டால், மற்றைத் தொழிலகங்களின் பேச்சும் கடிதமும் ஜேர்மன் மொழியிலேயே நடக்கின்றன. பட்டம் பெற்ற பின்னரே மொழியைப் படிக்க உட்காருபவர், தம் 18 மாதத்திற் பெரும்பங்கை இலக்கண வகுப்புக்கே ஒப்புக்கொடுத்துவிடுகிறார். மொழியை முதற் பருவத்திலேயே தொடங்கியவருக்குத்தான் இத்தவணை தொழில் தேடும் தவணையாக அமைகின்றது.

இவ்விரு நாடுகளுக்கும் அயலிலேயுள்ள ஒல்லாந்து வேறொரு வழியைக் கண்டது. அங்கு தேடும் காலம் ஓராண்டுதான். ஆயின் பட்டம் பெற்ற மூன்றாண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அதனைக் கோரலாம். ஊருக்குத் திரும்பிப் பெற்றோரைக் கண்டு, சிறிது அனுபவமும் பெற்றபின் மீண்டு வந்தும் கோரலாம். அதன் வழி வரும் பட்டதாரிக்குத் தகைமையாளர் அனுமதியின் சம்பள எல்லையும் குறைவு. கடிகாரத்தைத் தொடக்கிவைக்கும் உரிமையை மாணவரிடமே விட்டமையால், 12 மாதம் என்ற சிறிய எண் அங்கே பெரிதாகின்றது.

வாக்கும் பொறுப்பும்

எந்த நாடும் தன் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் உரிமையுடையது. அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் நடுவழியிலே நிற்பவர் மீது கதவைச் சாத்துவது நீதியா என்பது வேறு கேள்வி. பிரித்தானிய விதி, மாணவர் சேர்ந்த நாளை நோக்குவதில்லை. தவணைக்கு விண்ணப்பிக்கும் நாளையே நோக்குகின்றது. 2024 செப்டெம்பரிலே மூன்றாண்டு இளமாணிப் படிப்பிற் சேர்ந்த ஒருவர், இரண்டாண்டுத் தவணை உண்டு என்று அறிந்தே கட்டணம் செலுத்தினார். 2027 இல் அவர் பட்டம் பெறும்போது கிடைப்பது 18 மாதம். 2012 இலும் இவ்வாறே, படித்துக்கொண்டிருந்த பலரின் கையிலிருந்து தவணை நழுவிற்று. உள்நாட்டவரிலும் பன்மடங்கு கட்டணம் செலுத்தியவர், அக்கட்டணத்துக்கு ஈடாகக் கேட்டதன் ஒரு பகுதி அந்தக் காலமே. கட்டணம் முழுதாகப் பெறப்பட்டது. காலம் குறைத்துத் தரப்பட்டது. வியாபாரத்திலே இதனை நிறைகுறைவு என்போம். அரசியலிலே இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

பழைய ஜேர்மனி சொன்ன அறநெறியையும் நாம் மறந்துவிடலாகாது. 1945 முதல் இலவசக் கல்வி வழங்கிவரும் நம் நாட்டிலே, ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டு சேர்ப்பது பொதுப்பணம். கற்றுத் திரும்புக என்று அன்று கூறிய நாடுகள் இன்று அச்சொல்லைக் கூறுவதில்லை. அவர்களுக்கு ஆட்கள் வேண்டும். அதனால் அக்கேள்வி மறைந்துவிடவில்லை. அரசாங்கங்களின் மேசையிலிருந்து இறங்கி, தனியொரு பட்டதாரியின் மனச்சாட்சிக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. தங்குவோரைத் துரோகி என்றும் திரும்புவோரைத் தோற்றவர் என்றும் பேசும் நம்மவர் வழக்கம் அம்மனச்சாட்சிக்கு எவ்விதத்திலும் உதவாது. தொழில் கிடையாது திரும்பும் இளைஞரும் ஒரு கல்வியையும் ஒரு மொழியையும் சுமந்தே வருகிறார். அவரை ஏற்று அமர்த்தும் இடம் இங்கு இருக்கின்றதா என்று கேட்பதே நம் கடமை.

மாணவரை வழியனுப்பும் ஆசிரியர்களுக்கு இதிலே ஒரு பணி உண்டு. எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம் என்று நம் பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். எத்தனை மாதம் தங்கலாம் என்றும் விசாரிக்கிறார்கள். அம்மாதங்களின் முடிவிலே எந்த அனுமதி காத்திருக்கின்றது, அதற்கு யார் கையொப்பமிட வேண்டும், எவ்வளவு சம்பளம் வேண்டும், எந்த மொழி வேண்டும் என்று விசாரிப்பவர் சிலரே. விதி மாறினால் சேர்ந்த நாளின் விதி செல்லுமா, விண்ணப்பிக்கும் நாளின் விதி செல்லுமா என்று கேட்பவர் அதனினும் சிலர். ஆளெடுக்கும் முகவர் இவற்றைச் சொல்லமாட்டார். அவருடைய கணக்கு, மாணவர் விமானம் ஏறுவதுடன் முடிந்துவிடும். விமானம் ஏறுமுன் இக்கேள்விகளை எழுப்பிவைக்க ஆசிரியரால் இயலும். தவணையைப் பட்டம் பெற்ற நாளிலிருந்து எண்ணாது, முதல் விரிவுரை நாளிலிருந்தே எண்ணத் தொடங்கும் மாணவருக்கு, 18 மாதம் என்பது மூன்று ஆண்டுக்கு மேலாக நீளும்.